வர்ணம் காயும் வரை

நாலாவது நாளும் உப்புத்தாள்தான். நாச்சியம்மாளின் விரல் நுனிகள் தேய்ந்து, காலையில் பால் கறக்க உட்கார்ந்தால் எரிந்தன. காரின் பழைய பச்சைச் சாயம் மாவாக உதிர்ந்து அவள் முழங்கை வரை அப்பியிருந்தது. அவள் தேய்த்து முடித்த இடத்தையெல்லாம் குமாரசாமி பின்னாலேயே வந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

“இங்க இன்னும் சொரசொரப்பு இருக்குது பாரு புள்ள.”

அவள் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அவர் விரல் வைத்த இடத்தில் தன் விரலை வைத்த பிறகுதான் கடுகளவு மேடு தட்டுப்பட்டது. மறுபடியும் தேய்த்தாள்.

பருத்தி நல்ல விலைக்குப் போன ஒரு வருஷத்தில் வாங்கிய கார் அது. சோமனூரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் அன்றைக்கு வேறு யாரிடமும் கார் கிடையாது. இப்போது மேல்கூரைக் கித்தான் கிழிந்து, சாயம் வெளுத்து, மழையில் நனைந்த எருமை மாதிரி நின்றது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் தாராபுரத்தில் அவர் தங்கை ராசாத்தாளின் மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டியதும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தாய்மாமன் தன் காரில் ஏற்றிக் கடைவீதி வழியாகக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போவதென்று பேச்சு. ராசாத்தாள் அதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அதற்காகத்தான் புது வர்ணம்.

கோயமுத்தூரில் பட்டறை இருக்கிறது. விட்டுவிட்டு வந்தால் பத்து நாளில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அவள் அதைச் சொன்னபோது குமாரசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அத்தன தூரம் எதுக்கு? நாமளே அடிச்சுக்கலாம். பிரஷ் புடிக்கறது என்ன பெரிய வித்தையா?”

ஒரு காலத்தில் கோயமுத்தூர் என்றால் சாக்குத் தேடிக்கொண்டு வண்டியை எடுக்கிறவர். அவருக்கு இப்போது டவுனுக்குள் ஓட்டப் பயம் என்று நாச்சியம்மாளுக்கு அன்று விளங்கியது. அப்படியானால் அவருக்கும் தெரிந்திருக்கிறது. அதுவரை, தனக்கு மட்டுமே தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள்.

கண் மங்கத் தொடங்கி இரண்டு வருஷம் இருக்கும். அவர் சொன்னதில்லை, அவள் கேட்டதில்லை. சொம்பை எப்போதும் ஒரே இடத்தில் வைத்தாள். செருப்பை வாசலின் வலப்பக்கம் ஜோடியாக விட்டாள். கடிதம் வந்தால், தனக்குப் படிக்கப் பிரியம் என்பதுபோல் வாங்கி உரக்கப் படித்தாள். இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்துவிட்ட வீட்டில் இதையெல்லாம் கவனிக்க வேறு ஆளில்லை. செய்யச் செய்ய, இது தன் சுபாவமே என்று அவளுக்கே தோன்றிவிட்டது. படுக்கும்போது மட்டும், நாள் முழுவதும் தலையில் தண்ணீர்க்குடம் சுமந்தவள்போல் கழுத்து வலித்தது.

அன்று மத்தியானம் பாலுசாமி வர்ண டப்பாக்களைக் கொண்டுவந்து இறக்கினான். பக்கத்துத் தோட்டத்துக்காரன், குமாரசாமிக்குத் தம்பி முறை; அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவான். பஞ்சு லாரி ஓட்டிப் பழகியவன். தேய்த்து வெறும் தகரமாக நின்ற காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

“ஏனுங்ண்ணா, இது காருங்களா, தோலுரிச்ச ஆடுங்களா?”

குமாரசாமி டப்பாவின் மூடியைத் தடவிப் பார்த்தார். நாச்சியம்மாள் குனிந்து தேய்த்தாள். பாலுசாமி விடவில்லை.

“நங்கையா கையப் பாருங்க. கண்ணாலத்துக்கு எல்லாரும் மருதாணியோட வருவாங்க, இவிங்க பச்சச் சாயத்தோட வருவாங்க.”

“சொன்னதெல்லாம் வாங்கியாந்தயா?” என்றார் குமாரசாமி.

“வாங்கியாந்துட்டனுங்க. அரக்கு நெறம் ரெண்டு டப்பா, டர்பண்டைன், பிரஷ். கறுப்புன்னா மலிவுன்னான் கடைக்காரன். கறுப்பு வண்டியில பொண்ண ஏத்துனா ராசக்கா என்னைய உசுரோட உட மாட்டாங்கன்னு சொல்லிப்போட்டேன்.” டப்பாவின் மேல் உட்கார்ந்தான். “முகூர்த்தத்தன்னிக்கு வேணும்னா நா ஓட்டறனுங்ண்ணா. நீங்க மாலையப் போட்டுட்டுச் சும்மா வாங்க.”

“தாய்மாமன் நானா, நீயா?”

“நீங்கதானுங்க, யாரு இல்லைன்னா? நங்கையா பக்கத்துல உக்காந்துட்டா எஞ்சினே வேண்டாம். பேசியே வண்டிய நகத்திப்போடுவாங்க.”

குமாரசாமி சிரித்தார். நாச்சியம்மாளும் சிரித்து வைத்தாள்.

அவள் பேசாத பெண் என்றுதான் பிறந்த வீட்டில் பெயர். காரில் ஏறினால் மட்டும் வாய் ஓயாது என்பது இந்த இரண்டு வருஷத்துப் பெயர். “அந்தக் கட்டவண்டிக்காரன் எந்த ஊருக்குப் போறானோ, நடுரோட்டுல போறான் பாருங்க.” அவர் வேகத்தைக் குறைப்பார். “முன்னால வாரது பஸ்ஸுங்களா?” அவர் ஒதுங்குவார். “புளியமரத்தடியில எத்தன சனம், இன்னிக்கென்ன விசேசம்?” இப்படியே ஊர் வரும். ஒரு தடவையும் அவர், சும்மா வா என்று சொன்னதில்லை. சனங்கள் அவளை வாயாடி என்றார்கள்.

போன வைகாசியில் பல்லடம் ரோட்டில் அவள் தூங்கிவிட்டாள். அறுப்பு வேலைக்குப் பிறகு வந்த தூக்கம், கொஞ்ச நேரந்தான். சத்தம் கேட்டு விழித்தபோது வண்டி நின்றிருந்தது. ஆட்டுக்குட்டி ஒன்று சக்கரத்துக்குப் பின்னால் கிடந்தது. “குறுக்க ஓடியாந்துருச்சு” என்றார் குமாரசாமி. ஆட்டுக்காரக் கிழவன் அவளைத் தனியே பார்த்து, “நின்னுட்டிருந்த குட்டி, அம்மணி” என்று மட்டும் சொன்னான். அவள் திரும்பி வந்து, “ஆமாங்க, குறுக்க ஓடியாந்துச்சாம்” என்றாள்.

தாராபுரம் கடைவீதியில் கல்யாணக் கூட்டத்தில் குழந்தைகள் காருக்கு முன்னால் ஓடும். மேளக்காரர்கள் முன்னால் நடப்பார்கள். பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும், முன்னால் அவர் பக்கத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார். அவளுக்கு அந்த வண்டியில் இடமில்லை. அவள் பேச்சும் அங்கே இருக்காது. உப்புத்தாளைத் தேய்க்கும்போதெல்லாம் இதுவே ஓடியது. இத்தனை கவனமாக இந்த வண்டியை எதற்குத் தயார் செய்துகொண்டிருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டாள். கை நிற்கவில்லை.

வர்ணம் அடித்தது ஆடிக் கடைசி வாரத்தில். ஆடியில் யாரும் புது வேலை தொடங்க மாட்டார்கள். ஆனால் முகூர்த்தத்துக்கு முன் வேறு நாள் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. குமாரசாமி காரைத் தகரக் கொட்டகைக்குள் தள்ளச் சொன்னார். தரையைக் கூட்டி, சாணித் தண்ணீர் தெளிக்கவைத்து, வாசலில் நனைந்த சாக்குகளைத் தொங்கவிட்டார். ஒரு பொட்டுப் புழுதி வராது என்றார்.

விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அடித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிரஷை ஒரே போக்கில் இழுத்தார். நாச்சியம்மாள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தாள். வேலை செய்தபடியே பேசினாள். “இந்தப் பக்கம் வர்ணம் ஒழுகுதுங்க. கதவு முக்குல கொஞ்சம் தகரம் சிரிக்குதுங்க.” அவர் அங்கே பிரஷை வைப்பார். கடைசியில் பின் மட்காடை முடித்து நிமிர்ந்தபோது அவர் முகத்தில், கார் வாங்கி வந்த அன்று இருந்த முகம் இருந்தது. அவளுக்கு நிற்கத் தெம்பில்லை. சாக்கை இழுத்து மூடிவிட்டு வந்து படுத்தார்கள்.

அந்தக் கொட்டகையில்தான் ஆனி வரைக்கும் பருத்தி குவித்திருந்தது. பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து தூசு எடுத்தார்கள். அப்போது பறந்த பஞ்சு கூரையின் மூங்கில்களில் ஒட்டடைபோல் அடை அடையாகத் தொங்கியது. தரையைக் கூட்டியவர் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. அவளாவது பார்த்திருக்கலாம். அவள் கண் இரண்டும் அவர் பிரஷின்மேல் இருந்தன.

காலையில் சாக்கை விலக்கியபோது கார் வெள்ளை மயிர் முளைத்து நின்றது. காற்று தகரத்தை உலுக்கி உலுக்கி அத்தனை பஞ்சையும் இறக்கியிருந்தது. மூக்கிலும் மட்காடிலும் கதவிலும் ஈர வர்ணத்தில் படிந்து, பிடித்துக்கொண்டிருந்தது.

குமாரசாமி அவள் பின்னால் வந்து நின்றார்.

“எப்படி இருக்குது புள்ள?”

“கண்ணாடியாட்டம் இருக்குதுங்க” என்றாள்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் பழகியிருந்தது. சொன்ன பிறகுதான், நாலு நாளில் வர்ணம் காய்ந்துவிடும், காய்ந்ததும் அவர் தடவிப் பார்ப்பார் என்பது நினைவுக்கு வந்தது. தொட்டால் ஒட்டும் என்று அதுவரை அவரே தள்ளி நிற்பார். அந்த நாலு நாள்தான் பொய்க்கு ஆயுசு.

அன்று அவர் மத்தியானம் கண்ணயர்ந்தபோது ஊசியை எடுத்துக்கொண்டு போய்ப் பஞ்சைப் பிடுங்கிப் பார்த்தாள். ஒவ்வோர் இழைக்கும் ஒரு கீறல் விழுந்தது. ஒரு சாண் இடம் முடிவதற்குள் கண் பொங்கிவிட்டது. ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டு அங்கேயே நின்றாள். எதை ஒளிக்கிறோம்? பஞ்சையா? அவருக்குக் கண் தெரியவில்லை என்பதையா? இல்லை, தனக்குத் தெரிந்தும் இத்தனை நாள் சும்மா இருந்ததையா? மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எதைப் பிடுங்கினாலும் கீறல் விழும்.

மூன்றாம் நாள் பாலுசாமி வந்தான். சாக்கைத் தூக்கியதும் வாயைத் திறந்தான். அவன் முகத்தில் சிரிப்பு பொங்கி வருவதை அவள் பார்த்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

“எப்படிடா இருக்குது?” என்றார் குமாரசாமி. இடுப்பில் கை வைத்து, காருக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். “கோயமுத்தூர்ப் பட்டறைக்காரன் இப்படி அடிப்பானா?”

பாலுசாமி காரைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

“அடிக்க மாட்டானுங்ண்ணா” என்றான் மெதுவாக. “கண்ணாடியாட்டம் இருக்குதுங்க.”

அவள் சொன்ன அதே சொல். இன்னொருவன் வாயில் கேட்டபோது நாச்சியம்மாளுக்கு உடம்பு கூசியது. சின்னப் பிள்ளைக்கு வேடிக்கை காட்டுவதுபோல் இருந்தது அது. தான் இரண்டு வருஷமாகச் செய்துவருவதும் கேட்பவருக்கு இப்படித்தானா இருக்கும்? இனி தாராபுரத்தில் சனம் முழுவதும் பஞ்சு முளைத்த காரைப் பார்த்துவிட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, நல்லா இருக்குதுங்க மாமா என்று சொல்லும்.

பாலுசாமி சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான்.

மறுநாள் காலை அவள் சாக்குகளை அவிழ்த்துக் கீழே போட்டாள். வெளிச்சம் உள்ளே வந்தது. குமாரசாமியின் வலது கையைப் பிடித்துக் காரருகே கூட்டிப் போனாள். பகலில் அப்படிக் கையைப் பிடித்து எத்தனை வருஷமாயிற்று என்று தெரியவில்லை.

“காஞ்சிருக்கும். தொட்டுப் பாருங்க.”

அவர் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். “காஞ்சுருச்சு” என்றார். உள்ளங்கையை வண்டியின் மூக்கின்மேல் வைத்து இழுத்தார். கை நின்றது. திரும்ப அதே இடத்தில் வைத்தார். பிறகு கையை எடுக்காமல் வண்டியை முழுக்கச் சுற்றி நடந்தார். மட்காடு, கதவு, பின்பக்கம், மறுபக்கத்துக் கதவு. புறப்பட்ட இடத்துக்கு வந்துதான் பேசினார்.

“பஞ்சு.”

“ஆமாங்க.”

“மொத்தமுமா?”

“மொத்தமுந்தாங்க.”

“மொத நாளே பாத்தயா?”

“பாத்தனுங்க.”

“பாலுசாமியும் பாத்தானா?”

“பாத்தாருங்க.”

அவர் காரின் படியில் உட்கார்ந்தார். ஒட்டியிருந்த பஞ்சு இழை ஒன்றைக் கட்டை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். அவர் கோபிப்பார் என்று அவள் காத்திருந்தாள். கோபித்தால்கூட நன்றாயிருக்கும் என்றிருந்தது.

“அந்த ஆட்டுக்குட்டி,” என்றார். “குறுக்க ஓடியாந்துச்சா?”

“இல்லீங்க. நின்னுட்டுதான் இருந்துச்சு.”

அவர் தலையை ஆட்டினார். நெடுநாள் தேடிய சாமான் எதிர்பார்த்த இடத்திலேயே இருந்ததுபோல் ஆட்டினார்.

“நீ பேசறதக் கேட்டுத்தான் ஓட்டிட்டு வந்தேன். உனக்குத் தெரியுமுன்னு எனக்குத் தெரியும். நீயாச் சொல்ற வரைக்கும் நானும் சொல்ல வேண்டாமுன்னு இருந்துட்டேன்.”

நாச்சியம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. ஆளுக்கொரு பக்கம் ஒரே சுமையைப் பிடித்துக்கொண்டு, மற்றவருக்குக் கனம் தெரியாது என்று இருவரும் நடந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். இப்போது கீழே வைத்ததும் கை விரிய மறுத்தது.

“கண்ணாலத்தன்னிக்குப் பாலுசாமி ஓட்டட்டுமுங்க,” என்றாள். “நீங்க மாலையப் போட்டு முன்னால உக்காந்தாப் போதும்.”

“ராசாத்தா என்ன கேப்பாளோ.”

“கேட்டா, கண்ணு தெரியலைன்னு சொல்லுங்க. நானும் சொல்றேன்.”

அவர் திரும்பி, கதவை மறுபடியும் தடவினார். வெளியே காற்று சோளத்தட்டைப் போரை அலைத்தது.

“பஞ்சு மொளச்ச வண்டியிலயா பொண்ண ஏத்தறது?” என்றார் கடைசியில். “இன்னும் எத்தன நாள் இருக்குது?”

“பத்து நாளுங்க.”

“அப்ப மறுபடியும் தேச்சுப்போடலாம். டப்பாவுல பாதிக்கு மேல இருக்குது. உப்புத்தாள எடு. நீ தேய்க்க வேண்டாம், கை புண்ணாக் கெடக்குது. நா தேய்க்கறேன்.”

அவள் எடுத்துக் கொடுத்தாள். முதலில் கூரையை ஒட்டடை அடிக்க வேண்டும், அதற்கு ஆள் கூப்பிட வேண்டும், ராசாத்தாளுக்குக் கடிதம் எழுத வேண்டும். அவர் கதவோரமாகக் குந்தி உட்கார்ந்து, இடது கையால் தடவி, வலது கையால் தேய்க்கத் தொடங்கினார். தேய்ப்பதும் தடவுவதும் மாறி மாறி வந்தன. கொஞ்ச நேரம் கழித்து, “ஏம்புள்ள, சத்தத்தையே காணோம்? ஏதாச்சும் பேசு” என்றார்.

“நீங்க தேய்ங்க,” என்றாள். “எனக்குப் பேசத் தெம்பில்லீங்க.”

அவர் சரி என்றார். அந்தக் கைக்கு யாரும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாச்சியம்மாள் சக்கரத்தின்மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.