அக்கரை மாப்பிள்ளை

லிக்டன்ஸ்டைனில் ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு இருந்த காலம் அது. வெளிநாட்டானைக் கட்டிக்கொண்ட பெண் குடியுரிமையை இழந்துவிடுவாள் என்றும் சட்டம் இருந்தது. லாம்பெர்ட்டின் மகள் ரெகினா, ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சுவிஸ்காரன் ரெட்டோவைக் கட்டினாள். அன்றோடு பிறந்த வீட்டிலேயே அந்நியக்காரி ஆகிப்போனாள். பன்னிரண்டு வருஷம் கழித்து, அந்தக் குடும்பத்தைக் குடிமக்களாகச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று ஊர் ஓட்டுப் போட்டது.

காலையில் ரெகினா அப்பாவின் கோட்டில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். "எனக்குத்தான் ஓட்டு இல்லியே. எனக்கும் சேத்து உங்க கைதான்பா."

"தெரியும், போ."

நல்ல எண்ணத்தோடுதான் போனார். ஓட்டுச்சாவடி மறைப்புக்குள் சீட்டில் ரெட்டோவின் பெயரைப் பார்த்ததும் இருபத்தேழாம் வருஷத்து ரைன் வெள்ளம் கண்முன் வந்து நின்றது. அக்கரைக்காரன் தன் கரையை உயர்த்திக் கட்டினான், தண்ணீர் நம் பக்கம் உடைத்துக்கொண்டது என்று லாம்பெர்ட்டின் அப்பா சாகும்வரை புலம்பினார். ஏழு மாடு சேற்றில் செத்துக் கிடந்தன. இன்றைக்கு மாப்பிள்ளை என்பான், நாளைக்கு மலைமேல் பொது மேய்ச்சலில் பங்கு கேட்பான். யார் பார்க்கப் போகிறார்கள்? 'வேண்டாம்' என்று எழுதி, மடித்துப் போட்டுவிட்டார்.

மத்தியானம் முடிவைப் பலகையில் ஒட்டினார்கள். வேண்டும், நாற்பத்தொன்று. வேண்டாம், நாற்பத்திரண்டு.

ஒயின் கடையில் ரெட்டோ மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டு எகோன் உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"மாட்டுச் சுவிஸ்காரன ஆத்துல தள்ளணும்னு சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே. இப்பக் குளுந்துச்சா?" என்றான் ரெட்டோ.

"எனக்கு வாய்தான்டா நாறும். ரெகினா நான் பாத்து வளந்த புள்ள. வேணும்னுதான் எழுதுனேன்."

"யாரு நம்புவா? இந்த ஊர்ல நான் சத்தியம் பண்ணக்கூடியது ஒரே ஓட்டு. எங்க மாமாவோடது." ரெட்டோ அவர் தோளில் கைவைத்தான். ஒரு வாரமாக அவர் புல்வெளியை அறுத்துக் கொப்புளம் கண்ட கை.

கடையில் இருந்தவர்கள் எகோனைப் பார்த்துச் சிரித்தார்கள். எகோன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். லாம்பெர்ட் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பழி எகோனோடு போயிருக்கும்.

"உக்காரு எகோன்," என்றார் லாம்பெர்ட். "வேண்டாம்னு எழுதுனவங்கள்ல நானும் ஒருத்தன்."

தோளிலிருந்த கை விலகியது. ரெட்டோ எழுந்தான். பிறகு, "ரெகினாகிட்ட நீங்களே சொல்லுங்க மாமா. என்னால ஆகாது," என்றான்.

வீட்டில் ரெகினா சீஸ் துருவிக்கொண்டிருந்தாள். லாம்பெர்ட் நடந்ததைச் சொன்னார். அவள் திரும்பவில்லை. துருவுவது மட்டும் நின்றது.

"எந்தக் கையாலப்பா எழுதுனீங்க?"

அவள் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். கொட்டிலில் ரெட்டோ வழக்கம்போல அவருடைய மாட்டைக் கறந்துகொண்டிருந்தான். வாளியில் பால் விழும் சத்தம் கேட்டது. லாம்பெர்ட்டின் வலது கை மேசைக்கு அடியிலேயே இருந்தது. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.