மர்ஜினாவின் உடம்பு

மர்ஜினா சாகவில்லை என்பதுதான் முகுந்திபாரா ஊருக்கு அவள்மேல் இருந்த முதல் கோபம். புருஷன் போனான், மகன் போனான். இருவருக்கும் கடைசித் தண்ணீர் ஊற்றியவள் அவள். அவர்கள் குடித்த அதே கலயத்து ஈச்சஞ்சாற்றைக் குடித்தவளும் அவள்தான். காய்ச்சலில் விழுந்து, நினைவு தப்பி, ஆஸ்பத்திரித் தரையில் நாள்கணக்காகக் கிடந்துவிட்டு எழுந்து வந்தாள். வந்தவளைப் பார்த்து ஊர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா? புருஷனையும் பிள்ளையையும் தின்று செரித்த ராட்சசி என்றார்கள். அடிபம்பில் அவள் குடம் வைத்த இடத்தை மண் போட்டுத் தேய்த்தார்கள். மகள் ஷெஃபாலி அந்தச் சமயம் மாமன் வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பித்தவள். அவளோடும் பள்ளிக்கூடத்தில் ஒருத்தியும் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை.

இதை மாற்றியவர் டாக்காவிலிருந்து வந்த ஒரு பெண் டாக்டர். நௌரின் என்று பெயர். இரவில் வௌவால் ஈச்சமரத்துக் கலயத்தில் வாய் வைப்பதால் வருகிற இந்த மூளைக்காய்ச்சலை ஆராய்கிற குழுவில் அவருக்கு வேலை. நோய்க்கு நீப்பா என்று பெயர் சொன்னார். ஒவ்வொரு குளிர்காலமும் வந்து மர்ஜினாவின் கையில் ரத்தம் எடுத்துக்கொண்டு போவார். மர்ஜினா அவரை ஆபா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள். முதல் தடவை வந்தபோதே பள்ளிக்கூட மைதானத்தில் ஊரைக் கூட்டி, மர்ஜினாவின் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார்.

"இவங்களைப் பாத்து ஏன் பயப்படறீங்க? இவங்க உடம்பு அந்தக் கிருமியோட சண்டை போட்டு ஜெயிச்ச உடம்பு. அதோட முகத்தை ஞாபகம் வெச்சிருக்கு. மறுபடி வந்தா வாசல்லயே அடிச்சு விரட்டிடும்னு நாங்க நம்பறோம்."

நம்புகிறோம் என்பதை ஊர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விரட்டிவிடும் என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

பிடித்துக்கொள்ளக் காரணம் இருந்தது. நோயில் கிடப்பவரைத் தனியே விடுவது அந்தப் பக்கத்தில் பெரிய மானக்கேடு. தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வாயில் வழிவதை வெறும் கையால் துடைக்க வேண்டும். குடித்து மிச்சம் வைத்த கஞ்சியைக் கொட்டாமல் வீட்டார் குடிக்க வேண்டும். அப்படிக் குடித்துக் குடித்துத்தான் ஒரு வீட்டில் ஒருவர் படுத்தால் அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் படுத்தார்கள். செய்தால் உயிருக்கு ஆபத்து, செய்யாவிட்டால் ஊர் காறித் துப்பும். இந்த இக்கட்டில் மாட்டிக்கொண்டு விழித்தவர்களுக்கு மர்ஜினா வந்து வாய்த்தாள். காய்ச்சலோடு ஒருவர் பிதற்ற ஆரம்பித்ததும் அவள் வீட்டுக்கு ஆள் போகும். அவள் போய் மடியில் தலையை வாங்கிக்கொள்வாள். சொந்தக்காரர்கள் முற்றத்தில் நின்று அழுவார்கள். பெண் செத்துப்போனால் குளிப்பாட்டுவதும் அவள் தலையில்தான் விழும்.

ராட்சசி என்ற வாய்களெல்லாம் சித்தி முறை கொண்டாடிச் சாச்சி என்றன. அரிசி வந்தது, மீன் வந்தது, பெருநாளைக்குப் புடவை வந்தது. மர்ஜினா ஒன்றும் ஏமாளி இல்லை. இந்த மரியாதை எதற்கு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு இருந்தது ஒரே கவலை, ஷெஃபாலி. அந்தப் பெண் நாலு பேர் நடுவில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், ஒரு நல்ல வீட்டுக்குப் போக வேண்டும். அதற்காக ஊரில் எவர் எச்சிலையும் துடைக்க அவள் தயார். பலனும் கிடைத்தது. ஊர்ப் பெரியவர் தமிஜ் மாத்பரின் இளைய மகனுக்கு ஷெஃபாலியைப் பேசி முடித்தார்கள். கடுகு அறுவடை ஆனதும் நிக்காஹ்.

மாத்பரின் மனைவி நூர்பானுவுக்கு மட்டும் இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. "சாவு வீட்டுல சோறு தின்னு வளர்ந்த பொண்ணு" என்று ஜாடை பேசுவாள். பச்சைச் சாறு குடிக்காதீர்கள், காய்ச்சிக் குடியுங்கள் என்று டாக்டர் தொண்டை கிழியக் கத்தியபோது, "வௌவாலெல்லாம் இல்லாதப்பட்டவங்க மரத்துக்குத்தான் வரும், எங்க மரத்துக்கு வராது" என்றவளும் அவள்தான். அந்தக் குளிர்காலத்தில், மூடுபனி விடியலில், வீட்டு மரத்துச் சாற்றை ஒரு சொம்பு நிறையக் குடித்தாள். சில நாளில் படுத்தாள்.

தமிஜ் மாத்பரே மர்ஜினா வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ வந்தாத்தான் ஆச்சு. பொம்பளைங்க எல்லாரும் பிள்ளைகுட்டியை இழுத்துக்கிட்டுத் தாய்வீட்டுக்கு ஓடிட்டாளுக."

"சம்பந்தியம்மா என் கையால தண்ணி குடிப்பாங்களா?"

"யாரு கைன்னு தெரிஞ்சுக்கற நிலைமையில அவ இல்ல மர்ஜினா."

அது உண்மைதான். நூர்பானு மர்ஜினாவைத் தன் செத்துப்போன அக்கா என்று நினைத்துக்கொண்டு கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். "அக்கா, போயிடாத, வெளியில ஆத்துத் தண்ணி ஏறுது" என்று ஓயாமல் சொன்னாள். இருமும்போதெல்லாம் நுரை மர்ஜினாவின் முகத்தில் தெறித்தது. மர்ஜினா முந்தானையால் துடைத்துக்கொண்டு, "போகல, இங்கதான் இருக்கேன்" என்றாள். இத்தனை நாள் தன்னைக் குத்திக் குத்திப் பேசிய வாய் இப்படிக் குழந்தை மாதிரி கெஞ்சுவதைக் கேட்க அவளுக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டாள். நூர்பானுவை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி அனுப்பிய பிறகு மாத்பர் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். செத்தவரின் துணிமணியையும் படுக்கையையும் குளிப்பாட்டியவருக்குக் கொடுப்பது வழக்கம். அப்படிப் பெற்றதையெல்லாம் மர்ஜினா ஊர் எல்லையில் வைத்துக் கொளுத்திவிடுவாள். அது டாக்டர் சொல்லிக்கொடுத்தது. சோப்புப் போட்டுக் குளித்து, துணி மாற்றித்தான் வீட்டுப் படி ஏற வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். ஆரம்பத்தில் ஒழுங்காகச் செய்தாள். போகப் போக, நமக்குத்தான் ஒன்றும் ஆகாதே என்று கை கால் கழுவுவதோடு சரி என்று ஆகிவிட்டது.

மூட்டையில் ஒரு பஞ்சுப் போர்வை இருந்தது. அந்த வருஷம்தான் தைத்தது. சிவப்புத் துணி, நல்ல கனம். நூர்பானு கடைசிவரை போர்த்திக்கொண்டிருந்தது. மர்ஜினா வீட்டில் இருந்ததோ பழைய புடவைகளை அடுக்கித் தைத்த ஒற்றைப் போர்வை. ஆற்றங்கரைப் பனி எலும்புவரை குத்திக்கொண்டிருந்தது. தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளுக்குக் கொளுத்த மனசு வரவில்லை. எனக்கு வைத்துக்கொள்கிறேன், பெண்ணைத் தொட விடக்கூடாது, அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சுருட்டி எடுத்து வந்தாள். என்னத்தைச் சொல்வது, ஏழைக்குப் புத்தி தடுமாற ஒரு போர்வை போதும்.

"ஏய், அந்தப் பக்கம் போகாத. அது எனக்கு" என்றாள் ஷெஃபாலியிடம்.

"மாமியார் உசிரோட இருந்தப்ப ஒரு ரிப்பன் வாங்கித் தரல. போனப்புறமாவது போர்வை குடுத்தாங்களே. மருமகளுக்குத்தானே சேரணும்?"

"வாயைப் பாரு. தொட்டே, கையை ஒடிப்பேன்."

விடியலில் மர்ஜினா எழுந்து குளத்துக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், அவள் படுத்திருந்த இடத்தில் ஷெஃபாலி சுருண்டு கிடந்தாள். சிவப்புப் போர்வையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மர்ஜினா வெடுக்கென்று போர்வையை உருவினாள்.

"சொன்னா கேக்க மாட்டியா?"

"குளிருதும்மா. கொஞ்ச நேரம்தான் படுத்தேன்."

எழுப்பி முகம் கழுவச் சொன்னாள். போர்வையை அன்றைக்கே கொளுத்தினாள். பஞ்சு லேசில் எரியவில்லை, நாள் முழுக்கப் புகைந்தது.

சில நாள் கழித்து ஷெஃபாலிக்குத் தலைவலி வந்தபோது மர்ஜினா அதைப் பனி என்றாள். காய்ச்சல் வந்தபோது அலைச்சல் என்றாள். ஊரில் யாருக்கு வந்தாலும் முதல் பேச்சிலேயே கண்டுபிடிக்கிறவள், தன் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மத்தியானம் ஷெஃபாலி கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "நீங்க யாரு? எங்கம்மா எங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். அதற்குமேல் தன்னை ஏமாற்றிக்கொள்ள மர்ஜினாவுக்கு வழி இல்லாமல் போயிற்று.

மாவட்ட ஆஸ்பத்திரியில் தனி அறை கொடுத்தார்கள். தகவல் கேட்டு டாக்டர் நௌரின் டாக்காவிலிருந்து வந்துவிட்டார். தலை முதல் கால்வரை மூடிய உடுப்பில் அவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன. ஷெஃபாலிக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. மர்ஜினா கட்டிலில் உட்கார்ந்து மகள் தலையை மடியில் வைத்திருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் இடது கையை நீட்டினாள்.

"எடுங்க."

"எதை?"

"ரத்தத்தை. எவ்வளவு வேணுமோ எடுத்து இவளுக்கு ஏத்துங்க. வருஷா வருஷம் கொண்டுபோனீங்களே, அதுவும் அங்க பெட்டியில இருக்கும்ல, அதையும் வரவழைங்க. ஜெயிச்ச ரத்தம்னு நீங்கதானே சொன்னீங்க."

டாக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்கவில்லை.

"உங்க ரத்தத்தை அப்படியே ஏத்தினா இவளுக்குப் பிரயோஜனம் இல்ல மர்ஜினா. சண்டை போடற பொருள் அதுல துளியூண்டுதான் இருக்கு. அதைத் தனியாப் பிரிச்சு, அதே மாதிரி நிறையச் செஞ்சு, மருந்தாக்கணும். வேற நாட்டுல முயற்சி பண்றாங்க. இன்னும் இங்க வந்து சேரல."

"இத்தனை வருஷமா எடுத்தீங்களே, பின்னே எதுக்கு?"

"அது எப்படி ஜெயிச்சுதுன்னு கத்துக்கறதுக்கு."

"கத்துக்கிட்டீங்களா?"

"கொஞ்சம்."

மர்ஜினாவுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டாக்டரை அறைந்திருப்பாள். மடியில் பெண்ணின் தலை இருந்ததால் அசையவில்லை. டாக்டர் மெதுவாகக் கேட்டார், "ஷெஃபாலி பச்சைச் சாறு குடிச்சாளா?"

"எங்க வீட்டுல அந்தக் கலயமே கிடையாது."

"அப்போ யார்கிட்டயிருந்து வந்திருக்கும்? நூர்பானுவைப் பாக்க வந்தாளா?"

"வாசல்கூட மிதிக்கல" என்று சொன்ன மர்ஜினாவுக்கு அந்தச் சிவப்புப் போர்வை ஞாபகம் வந்தது. பிறகு போர்வைக் கதையைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "நானா குடுத்தேன்?" என்று கேட்டாள்.

"போர்வையா இருக்கலாம். உங்க முந்தானையா இருக்கலாம், கையா இருக்கலாம். இதுதான்னு யாராலயும் சொல்ல முடியாது."

"எதுவா இருந்தாலும் என்னுதுதானே ஆபா."

 டாக்டர், நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்கள் எல்லாரிடமும் எடுப்பதுபோல அவளிடமும் ஒரு குழாய் ரத்தம் எடுத்தார். பரிசோதனைக்கு மட்டும்தான், ஷெஃபாலிக்கு இல்லை என்று சொல்லித்தான் எடுத்தார். மர்ஜினா கையைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

ஷெஃபாலி மறுநாள் போனாள். கடைசிவரை அம்மாவை அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் அந்த மடியை விட்டு இறங்கவில்லை. எத்தனையோ பேரைக் குளிப்பாட்டிய மர்ஜினாவுக்கு அன்றைக்குத் தண்ணீர் மொண்டு தரக்கூட ஒருத்தி வரவில்லை. மாத்பர் வீட்டிலிருந்து மூங்கிலும் வெள்ளைத் துணியும் மட்டும் வந்தன. முறைப்படி மகளின் கூந்தலை மூன்று பின்னலாகப் பிரித்துப் பின்னினாள். குளிருகிறது என்று சொன்ன பெண்ணுக்குத் தண்ணீரை வெதுவெதுப்பாகக் காய்ச்சித்தான் ஊற்றினாள்.

கடுகு அறுவடை முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நாளில் டாக்டர் நௌரின் வந்தார். ஊசி, குழாய் எதுவும் கொண்டுவரவில்லை. முற்றத்தில் பாயில் உட்கார்ந்தார். மர்ஜினா பாதியாக இளைத்திருந்தாள். முடியைச் சீவியே பல நாள் ஆகியிருக்கும். ஊரிலிருந்து அழைக்க வருகிறவர்களுக்கு அவள் இப்போது கதவைத் திறப்பதில்லை.

"உங்க பரிசோதனை முடிவு வந்திருக்கு. உங்ககிட்ட சொல்லாம வெச்சுக்கறது சரியில்லன்னு பட்டுது" என்றார் டாக்டர்.

"சொல்லுங்க."

"போன வருஷம் உங்க ரத்தத்துல இருந்த சண்டைச் சக்தி இந்தத் தடவை பல மடங்கு ஏறியிருக்கு. சும்மா ஏறாது. அந்தக் கிருமி உங்களுக்குள்ளயும் நுழைஞ்சிருக்கு. நூர்பானுகிட்டயிருந்து நுழைஞ்சிருக்கும்னு நினைக்கறேன். உங்க உடம்பு பாத்த உடனே அடையாளம் தெரிஞ்சுக்கிட்டு அழிச்சுடுச்சு."

மர்ஜினா புரியாமல் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமே பண்ணலியே. ஒரு தும்மல்கூட வரலியே."

"வராது. உங்களுக்குத் தெரியறதுக்கு முந்தியே வேலையை முடிச்சிருக்கும்."

"அப்ப எனக்கும் வந்துச்சு."

"வந்தது."

"ஷெஃபாலிக்கு வந்தது மாதிரியே."

"ஆமா."

மர்ஜினா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ அன்னியர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற பார்வை அது. அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஆபா, இந்த உடம்பு" என்றாள். "கேட்டிருந்தா, வந்ததை விரட்டாத, விட்டுடுன்னு சொல்லியிருப்பேன்."