ஸ்பேஸ் விட்டுத் தட்டிய கட்டளை

கள்ளக்குறிச்சியில் மாடியில் இருந்த அந்தச் சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் எல்லாருக்கும் ஒரே லாகின்தான். ஆளுக்கொன்று வேண்டும் என்று நர்மதா கேட்டதற்கு முதலாளி விஜயராகவன், "நாம இன்னா பேங்கா நடத்துறோம்?" என்று சிரித்துவிட்டார்.

தட்டுகிற கட்டளையையெல்லாம் சர்வர் வரிசையாகப் பதிந்து வைக்கும், கூடவே தட்டுகிற பாஸ்வேர்டையும். அது கண்ணில் பட்டதும் நர்மதாவுக்குப் பகீரென்றது. முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டுத் தட்டினால் அந்தக் கட்டளை பதிவாகாதபடி செட்டிங்கில் ஒரு வரி சேர்த்தாள். எதை மாற்றினாலும் பக்கத்தில் பெயர் எழுத வேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. ஒருத்தரும் எழுதியதில்லை. இவள் மட்டும், மகராசி, பளிச்சென்று 'நர்மதா' என்று எழுதினாள். பக்கத்து சீட்டு சரத்குமாருக்கும் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, சர்வரில் இருந்த கச்சிராயபாளையம் விவசாயிகளின் மண் பரிசோதனை விவரம் மொத்தமும் காணாமல் போனது. பேக்கப்பும் இல்லை. விஜயராகவன் பதிவைத் திறந்து பார்த்தார். அழித்த கட்டளை மட்டும் அதில் இல்லை. செட்டிங்கைத் திறந்தார். அவள் பெயர் இருந்தது.

"இன்னாம்மா இது? தடம் தெரியக்கூடாதுன்னு நீயே வழி பண்ணி வச்சிகினு இருக்கற?"

"பாஸ்வேர்டு தெரியக்கூடாதுன்னுதான் சார் போட்டேன். நான் அழிக்கலீங்க, சத்தியமா."

"இந்த வித்தை வேற யாருக்குத் தெரியும்?"

நர்மதா சரத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாலும் அவன் ஸ்பேஸ் பாரைத் தட்டும் சத்தம் அன்று காலை முழுக்க அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது. கை தவறி அழித்திருப்பான். அவன் ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டால் போதும்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? இப்பதான் கேள்விப்படறேன்" என்றான் அந்தப் பாவி, முகத்தில் ஒன்றுமே காட்டாமல்.

கல்வராயன் மலையிலிருந்து வீட்டில் சண்டை போட்டு இறங்கி வந்தவள் நர்மதா. வேலை போனால் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்டுகிறேன் என்று அப்பா சடையனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். "இவனுக்கு நான்தான் சார் சொல்லிக்கொடுத்தேன்" என்றாள்; விஜயராகவன் நம்பவில்லை.

"நாளையிலேர்ந்து வர வேணாம்மா. சரத்து, அந்த வரிய எடுத்துடு."

ஆபீஸ் சாவியை மேசையில் வைக்கும்போது சரத்தின் திரை தெரிந்தது. அவள் பெயரை மட்டும் அழித்திருந்தான். வரி அப்படியே இருந்தது.

"சார்..." என்றாள்.

"போம்மா, போ" என்றார் விஜயராகவன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பஸ் ஸ்டாண்டில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டாள். "வந்துகினு இருக்கேம்ப்பா" என்றாள். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை.