விட்டு விட்டு அடித்த மருந்து

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் போட்டிருப்பவர்கள் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்க மாட்டார்கள். இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடியாகப் படியும் துருநோய்க்கு ஒரு தடவை ஒரு மருந்து, அடுத்த தடவை வேறொன்று. விடாமல் ஒன்றையே அடித்தால் அதில் சாகாமல் தப்பிய துரு மட்டும் பெருகும். பிறகு அந்த மருந்து வெறும் தண்ணீர்தான். மூக்கையா இருபது வயதிலிருந்து இப்படித்தான் செடியைக் காப்பாற்றி வந்தார். நுரையீரல் புற்றுக்கு மதுரையில் கொடுத்த மாத்திரையையும் அதேபோல ஒரு வாரம் சாப்பிட்டார், ஒரு வாரம் விட்டார்.

தெளிப்பான் வைக்கும் கொட்டகையில், வாளிக்கு அடியில் பிரிக்காத மாத்திரை அட்டைகளைப் பார்த்தாள் அவர் மனைவி மாயக்காள்.

"என்னங்க இது?"

"பழகிரக் கூடாதுல்ல. மொதல்ல எப்படிக் கேட்டுச்சு, பாத்தேல்ல?"

"நீங்க என்ன காப்பிச் செடியா?"

"செடி இப்படித் திட்டு வாங்காது" என்று சிரித்தவர், சிரிப்பு முடியுமுன் இருமத் தொடங்கினார்.

தோட்டத்தில் ஒரு மருந்து ஓயும்போது இன்னொன்று வேலை செய்யும். அவர் நெஞ்சில், மாத்திரையை விட்ட வாரங்களில் எதுவும் வேலை செய்யவில்லை.

மூக்கையா பீடியைத் தொட்டவரில்லை. உடம்பில் செல்லை 'வளரு' என்று ஏவும் சுவிட்சு ஒன்று உண்டு. அவருக்கு அதற்கான மரபணுவில் பிழை விழுந்ததால் அது அணையாமல் நின்றுவிட்டது. மாத்திரை அந்தச் சுவிட்சின் குழிக்குள் போய் அடைத்துக்கொண்டு அதை அணைக்கும். நாளடைவில், குழியின் வடிவம் மாறிப்போன செல்கள் பிழைத்துக்கொள்ளும். அந்த மாறிய குழிக்கென்றே செய்தது இரண்டாவது மாத்திரை. இரண்டாவது ஒன்று இருக்கிறது என்பது மட்டும் மாயக்காளுக்குத் தெரியும்; அதைத்தான் நம்பியிருந்தாள். முதல் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவருக்கு இரண்டாவதைத் தரமாட்டார்களோ என்று பயந்து, டாக்டரிடம் அட்டைகளைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மதுரையில் எடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. சாகும் புற்றுச் செல்கள் தம் மரபணுத் துணுக்குகளை ரத்தத்தில் சிந்தும் என்பதால் ரத்தத்தை எடுத்து, குழி மாறிய தடயத்தைத் தேடினார்கள்.

"குழியில மாற்றம் எதுவும் தெரியலம்மா" என்றார் டாக்டர் ராஜேஸ்வரி.

மாயக்காளின் முகம் மலர்ந்தது. "மாறலயா? நல்லதுதானே டாக்டரம்மா?"

"இல்லம்மா. அது மாறியிருந்தாத்தான் ரெண்டாவது மாத்திரை கேட்கும். இது வேற ஏதோ வழியில வளருது."

"எதிர்ப்புச் சக்திக்கு ஏதோ ஊசின்னாங்களே?"

"கட்டிக்குள்ள தூங்குற காவலாளிய எழுப்புற ஊசி அது. இந்த வகைக் கட்டியில பெரும்பாலும் காவலே கெடையாது. யார எழுப்புறது?"

மாயக்காள் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் அட்டைகளைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை. "அப்ப மருந்து தோத்துருச்சா, மருந்தே போகலையான்னு தெரியல. தினமும் சாப்பிடட்டும். ரெண்டு மாசத்துல பாப்போம்."

அந்த இரண்டு மாதமும் மாயக்காள் வெள்ளனே எழுந்து மாத்திரையோடு வந்து நின்றாள்.

"நாக்கத் தூக்குங்க."

"போலீஸ்ல சேந்திருக்கலாம் நீ."

"தூக்குங்க."

அடுத்த ஸ்கேனில் கட்டி இன்னும் பெரிதாகியிருந்தது. இந்த முறை ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். கட்டி தன் ஜாதியையே மாற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சுவிட்சை நம்பி வாழாத, வேறு வகைச் செல்லாகிவிட்டது. சுவிட்சை அணைத்தாலும் அதற்கு ஒன்றுமில்லை.

"பழைய மாத்திரைய நிறுத்திருங்க. இனி டிரிப்ஸ்ல கீமோ மருந்து ஏத்துறதுதான். அதுவும் சில மாசந்தான் தாங்கும்" என்றார் டாக்டர்.

மூக்கையா அன்றுதான் வாயைத் திறந்து கேட்டார். "நான் விட்டு விட்டுத் தின்னதாலயா?"

"அப்படிச் சொல்ல முடியாதுய்யா. ஒழுங்காச் சாப்பிடுறவங்களுக்கும் ஒருநாள் மருந்து கேட்காமப் போகும். உங்களுக்கு அந்த நாள் எப்ப வந்திருக்கும்னு இனித் தெரிஞ்சுக்க முடியாது. அவ்வளவுதான்."

ஜீப் மலையேறும்போது ஒவ்வொரு வளைவிலும் அவருக்கு மூச்சு வாங்கியது. மாயக்காள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் அவள் எழும்போது மூக்கையா அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். கையில், கொட்டகையில் ஒளித்து வைத்திருந்த பழைய அட்டை.

"அதான் நிறுத்தச் சொன்னாங்கல்ல."

"கெடக்கட்டும். அன்னைக்கு விட்டது இது. தண்ணி குடு."

கொடுத்தாள். விழுங்கினார். அவள் கேட்காமலே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார்.