கிழிய வேண்டிய தையல்

என் மனைவி கனகாம்பாளுக்கு ஒரு கர்வம் உண்டு. அவள் போட்ட தையல் பிரியாது. துணி நைந்து போகலாம், சாயம் வெளுக்கலாம், போட்டுக்கொண்டவர் பருத்துப் போகலாம், தையல் அப்படியே நிற்கும். ஒரு தடவை கீழ்வீட்டு நூருன்னிசா, கனகம் தைத்துக் கொடுத்த சட்டை அக்குளில் விட்டுப்போச்சு என்று யாரிடமோ சொல்லிவிட்டாள். இவள் முட்டிவலிக்காரி. இருந்தும் ஆறு மாடி இறங்கிப் போய், அந்தச் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது துணி கிழிஞ்சது. தையல் பிரியல" என்று நிரூபித்துவிட்டுத்தான் மேலே வந்தாள். அப்புறம் முட்டிக்குத் தைலம் தேய்த்தது நான்தான்.

இப்படிப்பட்டவளைக் கிழிகிற மாதிரித் தைக்கச் சொன்னால் என்ன ஆகும்?

ஷ்வேப்யிதாவில் அவள் வேலை பார்க்கிற தொழிற்சாலையில், மலையேறுகிறவர்கள் இடுப்பில் கட்டுகிற வார்களும் பட்டைகளும் தைக்கிறார்கள். எல்லாம் ஐரோப்பாவுக்குப் போகும். க்யிம்யிண்டைங்கில் எங்கள் தெருமுனைக்கே விடிகாலையில் ஃபெர்ரி வந்து ஏற்றிக்கொள்ளும். தொழிற்சாலை வண்டிக்கு யாங்கோனில் அதுதான் பெயர். நானும் டாக்ஸிதான் ஓட்டுகிறேன், ஆனால் மிங்கலாடோன் விமான நிலையப் பக்கம். "ஒரு நாளாவது கொண்டுபோய் விடக்கூடாதா" என்று அவள் கேட்பாள். "நீ என் ரூட்டில் இல்லையே" என்பேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவளை நாலாம் லைனுக்கு மாற்றினார்கள். ஒரு பட்டையை மடித்து மடித்துத் தைத்து ஒரு சின்னப் பைக்குள் அடக்க வேண்டும். அதுதான் வேலை. சாம்பிளைப் பார்த்தாள். தையல் வரிசை குறைவு, நூலும் மெலிசு. முதலாளி நூலை மிச்சம் பிடிக்கிறான் என்று நினைத்துவிட்டாள். யாரோ பெற்ற பிள்ளை இதில் தொங்கப் போகிறதே என்று மனசு கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக ஒரு வரிசை அழுத்தமாகப் போட்டாள். காலையிலிருந்து சாப்பாட்டு மணி வரை போட்டுக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் செக்கிங்கில் ஒன்றை எடுத்து இழுவை இயந்திரத்தில் மாட்டியிருக்கிறார்கள். முள் சிவப்புக்கோட்டைத் தாண்டியும் தையல் விடவில்லை. சூப்பர்வைசர் டோ மியா ஓடிவந்தார். எல்லாரும் சயாமா என்று அழைக்கிற அந்த அம்மாள் நல்ல மாதிரி. கத்தாமல் புரிய வைத்தார். மலையில் ஒருவன் விழுந்தால் கொக்கி அவனைப் பிடித்துக்கொள்ளும். அந்த வெட்டு இழுப்பில் முதுகெலும்பே முறிந்துவிடலாம். அதனால்தான் இந்தத் தையல் வரிசை வரிசையாகக் கிழிந்து, விழுகிறவனை மெல்ல நிறுத்த வேண்டும். கிழியாவிட்டால் ஆளைக் கொன்றுவிடும். "எத்தனை தைச்சே?" என்று கேட்டாராம். "பதினேழு" என்றாளாம் கனகம். பதினேழையும் தேடி எடுத்துக் கத்தரித்துப் போட்டார்கள். வேலை போகவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ரொம்ப நன்றாகத் தைத்ததற்காகத் திட்டு வாங்கின ஒரே ஆள் நீதான் என்று நான்கு வருஷமாகக் கேலி செய்துகொண்டிருந்தேன். கேலியில் அவள் சேர்ந்துகொள்ளவே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. அது என் தப்பு.

எங்கள் ஒரே மகள் பவானி ஆஸ்திரியாவில் இருக்கிறாள். வயதானவர்கள் இல்லத்தில் பராமரிப்பு வேலை. போன வாரம் பேசும்போது, கூட வேலை செய்கிறவர்களோடு ஒரு சிகரத்துக்கு ஏறப் போகிறேன் என்றாள். செங்குத்துப் பாறையில் அடியிலிருந்து உச்சி வரைக்கும் இரும்புக் கம்பி கட்டி, கால் வைக்க இரும்புப் படி அடித்து வைத்திருப்பார்களாம். வியா ஃபெராட்டா என்று பெயராம், வழிகாட்டி ஒருவர் முன்னால் போவாராம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம வீட்டு ஆறு மாடி ஏற மூணு இடத்துல உட்கார்ந்தவ நீ" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு எதிரில் என் கோபம் என்றைக்கும் ஜெயித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை. இங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது, அங்கே காலை எட்டு மணி, நல்ல வெயில். பாறைக்குக் கீழே நின்று வீடியோவில் கூப்பிட்டாள். தலையில் சிவப்புத் தொப்பி, இடுப்பில் வார், வாரிலிருந்து இரண்டு கொக்கிகள்.

"இங்க பாரும்மா, ரெண்டு கொக்கி. ஒண்ணைக் கழட்டி அடுத்த கம்பியில மாட்டினப்புறம்தான் இன்னொண்ணைத் தொடணும். எப்பவும் ஒண்ணு பிடிச்சுக்கிட்டே இருக்கும்."

"கையை விட்டுடாதடி" என்றாள் கனகம்.

"யா தே, யா தே" என்றாள் மகள். பர்மியச் சொல்லில் அம்மாவைச் சமாதானப்படுத்துவது அவள் வழக்கம். "ஒரு வேடிக்கை சொல்லவா? இது எல்லாம் இங்க வாடகைக்கு எடுத்தது. லேபிளைப் பாருங்க. மேட் இன் மியன்மா!"

நான் கையைத் தட்டினேன். பக்கத்தில் திரும்பினால் கனகத்தின் முகம் செத்துப் போயிருந்தது.

"பவானி, கொக்கிக்கு மேல ஒரு சின்னப் பை இருக்கும். பிரிச்சா உள்ள வெள்ளைத் துணி. என்ன எழுதியிருக்கு?"

"எல் நாலு. அப்புறம் இருபத்தொண்ணு." நாலாம் லைன், அவள் அங்கே போன அதே வருஷம்.

"மாசம்?"

"மாசம் அழிஞ்சு போச்சும்மா. ஏன்? வழிகாட்டி மத்தியாஸ் கூப்பிடறாரு, போகணும். மேல போய்க் கூப்பிடறேன்."

கனகம் வாயைத் திறந்தாள். அதே நொடியில் மீ பியத். மின்சாரம் போய் மின்விசிறி நின்றது, வைஃபை செத்தது. மகள் சிரித்தபடி திரையில் உறைந்து போனாள்.

"அதைப் போட்டுக்காதடி! வேற வாங்கிக்கோ!" அந்த உறைந்த முகத்தைப் பார்த்துக் கத்தினாள்.

என் போனில் முயன்றேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "எதுக்கு இப்படிப் பதறுறே? பதினேழையும்தான் வெட்டிப் போட்டாச்சே" என்றேன்.

"பதினேழு இல்லைங்க." அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "எண்ணிப் பார்த்தப்ப ஒரு தடவை பதினேழு வந்துச்சு, இன்னொரு தடவை பதினெட்டு வந்துச்சு. சயாமா முன்னால பயத்துல கம்மியானதைச் சொல்லிட்டேன். அப்புறம் வாய் வரல."

"நாலு வருஷமாவா?"

"நாலு வருஷமா."

நான் முன்கோபி. "உன்னை யாரு அதிகப்படியா நல்லது பண்ணச் சொன்னா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் எழுந்து தையல் மெஷின் பக்கம் போனாள்.

ஆறு மாடி இறங்கி, ஜெனரேட்டர் ஓடுகிற டீக்கடைக்குப் போனேன். ஏறாதே, பட்டையை மாற்று என்று செய்தி அனுப்பினேன். போன மாதிரிக் காட்டியது, சேர்ந்த மாதிரிக் காட்டவில்லை. பத்து தடவை கூப்பிட்டேன். அவள் பாறையில் இருக்கிறாள், அங்கே சிக்னல் கிடையாது என்று எனக்கே தெரியும். திரும்ப ஏறினேன். மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, பவானி சின்னதில் உட்காருகிற அதே படியில், கொஞ்ச நேரம் அழுதேன்.

மேலே கனகம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நேற்றுத் தைத்து முடித்த லோஞ்ஜிக் கைலியை ஊசிமுனையால் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யறே?"

"எனக்குப் பிரிக்கவே தெரியலைங்க" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து லோஞ்ஜியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இந்த மனுஷியைப் போல எனக்கு வேண்டியவர் உலகத்தில் யாரும் இல்லை. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

மூன்று மணிக்கு மணி அடித்தது. இருவரும் துள்ளி எழுந்தோம். போன் இல்லை, பால்கனி மணி. இங்கே மாடிவீடுகளில் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப் இருக்கும். கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். சாமானைக் கிளிப்பில் மாட்டிவிட்டால் நாம் இழுத்துக்கொள்ளலாம். எட்டிப் பார்த்தேன். நூருன்னிசா குடையோடு நின்றுகொண்டு, "சூடா பயா ஜோ, இழுங்க!" என்றாள். பருப்பு வடைப் பொட்டலம் மழையில் ஆடி ஆடி ஆறு மாடி மேலே வந்தது. கனகம் அதைப் பார்க்க மாட்டாமல் கண்ணை மூடிக்கொண்டாள். வடையை யாரும் தொடவில்லை.

நாலரை மணிக்கு மின்சாரம் திரும்பி வந்தது, வந்த கையோடு போன் அடித்தது.

"அம்மா, பயப்படாத. முதல்லயே சொல்லிடறேன், நான் நல்லா இருக்கேன்."

பெற்றவர்களுக்கு இதைவிடப் பயங்கரமான வாக்கியம் கிடையாது. திரையில் பவானியின் முகம் வந்தது. கன்னத்தில் சிராய்ப்பு. பின்னால் நீல வானம்.

"பாதி தூரம் போனப்ப படி ஈரமா இருந்துச்சு, கால் வழுக்கிடுச்சு. ரெண்டு ஆள் உயரம் விழுந்திருப்பேன். கொக்கி பிடிச்சுக்கிச்சு. டர்ருனு ஒரு சத்தம். யாரோ என்னைக் கையில தாங்கி இறக்கின மாதிரி இருந்துச்சும்மா. அப்புறம் மத்தியாஸ் தன் கயித்துல என்னைக் கட்டிக்கிட்டாரு, பத்திரமா மேல வந்துட்டோம். முட்டியிலதான் அடி."

"கிழிஞ்சுதா?" என்றாள் கனகம்.

"எது?"

"தையல்டி! தையல் கிழிஞ்சுதா?"

"ஒரு சாண் கிழிஞ்சிருக்கு. இதோ." பையிலிருந்து தொங்குகிற பட்டையைத் தூக்கிக் காட்டினாள். கனகம் போனைப் பிடுங்கி மூக்குக்கிட்ட வைத்துக்கொண்டாள்.

"முடிச்சைக் காட்டு. கிட்ட கொண்டா. மூணு தடவை முன்னயும் பின்னயும் ஓட்டியிருக்கு, பாருங்க! நாலாம் லைன்ல அப்படி முடிக்கிறவ நான் ஒருத்திதான்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "என்னோடதுங்க. என்னோடது, கிழிஞ்சிருச்சு!"

தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிறகு எழுந்து பால்கனிக்கு ஓடி, மழையில் தலையை நீட்டி, "நூருன்னிசா! என் தையல் கிழிஞ்சிருச்சு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். இந்த ஒரு வார்த்தைக்காக வருஷக்கணக்காகக் காத்திருந்த நூருன்னிசா, ஜன்னலில் எட்டிப் பார்த்து என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தாள்.

பவானி போனைச் சுற்றிக் காட்டினாள். உச்சியில் ஒரு சிலுவை, மத்தியாஸ் என்பவர் கையாட்டினார், அதற்கப்பால் பனி மூடின மலை, அதற்கும் அப்பால் மலை. மேகம் அவர்கள் காலுக்குக் கீழே கிடந்தது. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

"அம்மா, பாரும்மா, எவ்வளவு மலை!"

"மலை இருக்கட்டும்டி. அந்தக் கிழிசலை இன்னொரு தடவை காட்டு."

போனை வைத்தபிறகு லோஞ்ஜியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, நாளைக்குப் போய்ச் சயாமாகிட்ட பதினெட்டுன்னு சொல்லிடப் போறேன்."

"அதான் பவானி கையில இருந்தது நல்ல பீஸ்னு தெரிஞ்சுபோச்சே. இப்பப் போய் எதுக்கு? வேலை போயிடும்."

"போகட்டும். அந்தப் பதினெட்டாவதை இந்நேரம் எவளோ இடுப்புல கட்டிக்கிட்டு நிப்பா. அவளுக்கும் ஒரு அம்மா இருப்பா. அவ எங்க உட்கார்ந்து போனைப் பார்த்துக்கிட்டிருக்காளோ."

ஆறின வடையில் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். இரண்டாகப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

"நாளைக்கு ஃபெர்ரியில போகாத" என்றேன். "நானே கொண்டுபோய் விடறேன்."

"நான் உங்க ரூட்டில் இல்லையே."

"கேட்டோட விட்டுட்டு வர மாட்டேன். சயாமா ரூம் வரைக்கும் நானும் வரேன்."

அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, பாதி பிரித்த லோஞ்ஜியை மறுபடி மெஷினில் வைத்தாள்.