புதன்கிழமை ரொட்டி

செல்லப்பாண்டிக்குக் கடைவாய்ப் பல் ஒன்றுகூடக் கிடையாது. வினையெல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

அறுபத்தஞ்சாம் வருசம். ரேஷனில் அரிசி கையளவு, கோதுமை மூட்டை மூட்டையாக. தாராவியில் இருந்த திருநெல்வேலிக்காரன் எல்லாம் கோதுமையைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தான். பெண்சாதி ஆறுமுகத்தாய் சுட்டுப் போட்ட சப்பாத்தியை ஒரு வாரம் மென்று பார்த்தார் செல்லப்பாண்டி. தோல் கிடங்கில் முப்பது வருசமாகப் பதம் பார்க்கிற ஆள் அவர். எட்டாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டு, "எங்க கிடங்கு எருமைத்தோலு இதைவிட மெதுவா இருக்கும்ட்டி" என்றார்.

பேக்கரியில் அச்சில் சுட்டு விற்கிற டபுள் ரொட்டி மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதை அவர் தொடமாட்டார். என்ன மாவோ, எவன் மிதித்ததோ. பால்காரன் தண்ணீர்ச் செம்பைத் தொடும் முன்பே, ஊற்றிவிட்டான் என்று சொல்கிறவர் அவர். அதனால் ரேஷன் கோதுமையைத் தானே கழுவிக் காயவைத்து, மில்லில் பக்கத்திலேயே நின்று தவிடு நீக்காமல் அரைத்து வந்தார். பிசைவது ஆறுமுகத்தாய். அடுப்பு மட்டும் அடுத்தவனுடையது.

லேபர் கேம்ப் முனையில் பேக்கரி வைத்திருந்த ரஹ்மத்துல்லா மேலப்பாளையத்துக்காரர். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குக் கடையை அடைப்பார். அடுப்பில் மிச்சமிருக்கிற சூட்டில் வெந்துகொள்ளட்டும் என்று ஊர்க்காரருக்காக இடம் கொடுத்தார். பழைய புளித்த மாவில் ஒரு கட்டியும் கொடுப்பார். வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு ரொட்டி, அவ்வளவுதான் சலுகை. அந்த இரண்டு ரொட்டி புதன்கிழமை வரைக்கும் வரவேண்டும். வியாழன், வெள்ளிக்கு ரேஷன் அரிசி இருக்கிறது.

வரவில்லை. அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியை, கை சுடச்சுட, வேட்டியில் சுற்றி ஓட்டமாக வீட்டுக்குக் கொண்டுபோய்த் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொள்வார் செல்லப்பாண்டி. பத்துக் குடும்பத்துக்கு ஒரே தாழ்வாரம், யாரை நம்புவது? மழைக்காலம் வேறு; ஞாயிற்றுக்கிழமை திறந்தால் நசநசவென்று இருக்கும். திங்கட்கிழமை பச்சைப் பூஞ்சை.

மூன்று வாரம் பொறுத்தார். நாலாவது திங்கட்கிழமை பூஞ்சை ரொட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே பேக்கரிக்குப் போய், ஆட்கள் நிற்கிறபோதே பலகையில் போட்டு, உம்ம அடுப்பு சரியில்லை என்று சத்தம் போட்டார். மாட்டுங்காவிலிருந்து வழக்கமாக வருகிற ரயில்வே ஆபீஸ் அனந்தகிருஷ்ணன், கையில் வாங்கியிருந்த ரொட்டியைத் திருப்பி வைத்துவிட்டு நடையைக் கட்டினார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

ரஹ்மத்துல்லாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏன் அண்ணாச்சி, கிடங்குல ஈரத்தோலை மடிச்சு அடுக்கிப் பூட்டுவீரா வே?"

"எவன் அடுக்குவான்? மறுநாளே பூசணம் பிடிச்சிருமே."

"ஆவி பறக்கிற ரொட்டியைத் தகரப்பெட்டில பூட்டுதீரு. அது மட்டும் பிடிக்காதா?"

செல்லப்பாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் தொழிலில் கூலியாட்களைத் தினம் திட்டுகிற தப்பைத்தான் தன் வீட்டில் செய்துகொண்டிருக்கிறார். ஆனால் ரஹ்மத்துல்லா அதோடு விடவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை கடைசித் தடவை என்றார். அந்த ரொட்டி புதன்கிழமை இதே பலகைக்கு வரவேண்டும். பூஞ்சையில்லாமல், செல்லப்பாண்டி ஈறால் கடிக்கிற மெதுவோடு இருந்தால் அடுப்பு ஆயுசுக்கும் அவருக்கு. இல்லையென்றால் இந்தப் படியேறக் கூடாது.

அப்படியானால் மறுபடியும் சப்பாத்திதான். செல்லப்பாண்டிக்கு ஈறு இப்போதே வலித்தது.

வெள்ளிக்கிழமை கிடங்குக்கு லீவு. மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுவிட்டு வருவதற்குள் ஆறுமுகத்தாய் மாவைப் பிசைந்து தகர அச்சில் போட்டு வைத்திருந்தாள். தோலில் முத்திரை குத்துகிற பழக்கம் விடுமா, மாவின் தலையில் கத்தியால் 'செ' என்று கீறினார். எவனும் மாற்றிவிடக் கூடாது.

வெந்து வந்த ரொட்டியை இந்தத் தடவை வீட்டுக்குத் தூக்கவில்லை. பேக்கரிப் பலகையிலேயே அச்சிலிருந்து தட்டி, அடியில் காற்றுப் போக இரண்டு குச்சியைக் கொடுத்து வைத்தார். ஆறுகிற வரைக்கும் நம்பி விட்டுவிட்டுப் போகமுடியுமா? ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தொழுகை முடிந்து வந்த ரஹ்மத்துல்லா, "பிள்ளைப்பேறு பார்க்கிற மாதிரி உக்காந்திருக்கீரே" என்று கேலி பண்ணினார். செல்லப்பாண்டி ஸ்டூலை விட்டு அசையவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, உள்சூடும் போயிற்று என்று தெரிந்த பிறகுதான் உலர்ந்த துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் பெட்டியில் பூட்டினார்.

திங்கட்கிழமை காலையில் திறந்தார். பூஞ்சை இல்லை. அது அவர் எதிர்பார்த்ததுதான். கட்டைவிரலால் அமுக்கினார். குழி விழுந்து, மெல்ல மேலே வந்தது. அது எதிர்பார்க்காதது. மூன்றாம் நாள் ரொட்டி இவ்வளவு மெதுவாக இருக்க நியாயமில்லை. தலையில் 'செ' இருந்தது. அரைஞாணில் சாவி இருந்தது. இருந்தும் நம்பிக்கை வரவில்லை.

"மாத்தினது யாருட்டி?" என்றார்.

ஆறுமுகத்தாய் அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள். யாரும் மாற்றவில்லையாம். அரிசி முன்பே தீர்ந்துபோனதால் வியாழக்கிழமை காய்ச்சிய கோதுமைக் கஞ்சி மிஞ்சி, ராத்திரியெல்லாம் இருந்து புளித்துவிட்டதாம். தண்ணீருக்குப் பதிலாக அதையே ஊற்றிப் பிசைந்தாளாம்.

"புளிச்ச கஞ்சியையா? கடைசித் தடவைன்னு தெரிஞ்சுமா?"

"பின்னே, ரேஷன் கோதுமையைச் சாக்கடையில ஊத்தவா? தின்னு பாருங்க, பெறவு பேசுங்க."

ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார். களி மாதிரிக் கரைந்தது. லேசான புளிப்பு. இன்னொரு துண்டு வெட்டினார். மற்ற ரொட்டியைத் தொடாமல் பூட்டினார்.

புதன்கிழமை சாயங்காலம் பேக்கரியில் நல்ல கூட்டம். விஷயம் கேம்ப் முழுக்கப் பரவியிருந்தது. அனந்தகிருஷ்ணனும் ஓரமாக நின்றார். செல்லப்பாண்டி துணியை அவிழ்த்து ரொட்டியைப் பலகையில் வைத்தார். ரஹ்மத்துல்லா திருப்பித் திருப்பிப் பார்த்தார், அடியை முகர்ந்தார், விரலால் அமுக்கினார். குழி மேலே வந்தது. நடுவில் வெட்டிப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

அனந்தகிருஷ்ணனும் ஒரு துண்டு கேட்டு வாங்கினார். "எங்காத்துல ஃப்ரிட்ஜ்ல வெச்சாலே மூணாம் நாள் வெறகாட்டம் ஆயிடறது. இது அஞ்சு நாளா?" என்று இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார். பிறகு ரஹ்மத்துல்லாவைப் பார்த்து, தனக்கும் வழக்கமான ரொட்டி ஒன்று கட்டச் சொன்னார்.

"அடுப்பு உமக்குத்தான் அண்ணாச்சி, சொன்ன சொல்லு" என்றார் ரஹ்மத்துல்லா. "என்ன போட்டீரு, அதை மட்டும் சொல்லும். இருவத்தஞ்சு வருசமா ரொட்டி போடுதேன், எனக்கே பிடிபடலை."

கூட்டமே செல்லப்பாண்டியின் வாயைப் பார்த்தது. சொல்லாமல் மழுப்பிவிட அவருக்கு ஆசைதான். ஆனால் பின்னால் ஆறுமுகத்தாய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நான் ஆறவச்சேன், அவ்வளவுதான்" என்றார். "போட்டது அவ. அவகிட்ட கேளும்."

ஆறுமுகத்தாய் முன்னால் வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை தாழ்வாரத்துப் பத்து வீட்டு மாவும் வரும் என்றாள். அடுப்பின் ஓரம் போதாது, நடு இடம் வேண்டும், அது கிடைத்த பிறகு சொல்கிறேன் என்றாள். ரஹ்மத்துல்லா சிரித்துக்கொண்டே சரி என்று தலையாட்டினார்.

அந்த மழைக்காலம் முடிகிற வரைக்கும், அடுத்த மழைக்காலத்திலும், தாழ்வாரத்தில் ஒரு வீட்டிலும் ரொட்டி பூஞ்சை பிடிக்கவில்லை. எல்லாரும் கூடையில் துணி போட்டு மூடி வைத்தார்கள். செல்லப்பாண்டி மட்டும் பெட்டியில் வைத்துப் பூட்டித்தான் வைத்தார், ஆறவிட்ட பிறகு.