கண்ணையன் நின்ற மூலை

கபடியில் மூலையில் நிற்பவன்தான் எங்கள் விழுப்புரம் செட்டுக்குக் கண். பாடி வருபவனின் காலை அவன் பார்ப்பான்; அவனோடு கைகோத்துப் பக்கத்தில் நிற்பவன் பாய்வான். பல வருஷமாக மூலையில் கண்ணையன், பக்கத்தில் பெரியசாமி. எதிராளி நன்றாக உள்ளே வந்ததும் கண்ணையன் கையை ஓர் அமுக்கு அமுக்குவான். பெரியசாமி பாய்ந்துவிடுவான். யோசிப்பதெல்லாம் கிடையாது. எப்பேர்ப்பட்ட கொம்பனும் அந்த ஜோடியிடம் மண்ணைக் கவ்வினான்.

எண்பத்து நாலில், வளவனூர் பக்கம் கரும்பு டிராக்டர் கவிழ்ந்து கண்ணையன் போய்விட்டான். பாழாய்ப்போன டிராக்டர்! அடுத்த மாதமே திண்டிவனத்தில் போட்டி. "கப்ப கொண்டாந்து உன் வூட்ல வைக்கிறேம்மா" என்று அவன் பெண்சாதி சின்னபொண்ணுவிடம் பெரியசாமி வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

நான்தான் கேப்டன். மூலைக்குத் துரைக்கண்ணுவைப் போட்டேன். பெரியசாமி என்னைத் தனியே கூப்பிட்டான்.

"தாண்டவராயண்ணா, அவன் கைய அமுக்க வேணாம். வாயால 'போ'ன்னு சொல்லட்டும்."

"சரிடா, அப்படியே ஆவட்டும்" என்றேன். துரைக்கண்ணுவிடமும் சொல்லி வைத்தேன். அப்படியே ஆடித்தான் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்தோம்.

அதிலும் நாங்கள் ஒரு புள்ளி முன்னால். நேரம் முடியப் போகிறது. திண்டிவனத்துக்காரன் கடைசியாகப் பாடி வந்தான். நடுக்கோட்டைத் தாண்டிச் சரியாக உள்ளேகூட வரவில்லை. சும்மா நின்றிருந்தால் கப் எங்களுக்கு. பெரியசாமி திடீரென்று பாய்ந்தான். கோத்த கையோடு துரைக்கண்ணுவும் இழுபட்டான். வந்தவன் இரண்டு பேரையும் தொட்டுவிட்டுத் தன் பக்கம் போய்ச் சேர்ந்தான். இரண்டு புள்ளி. எல்லாம் போச்சு.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அட எருமை, எவன்டா உன்ன பாயச் சொன்னான்?" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

துரைக்கண்ணு அழுதுகொண்டிருந்தான். "நான் சொல்லலண்ணா. பயத்துல அவரு கைய இறுக்கிப் புடிச்சுக்கினேன், அவ்ளோதான்."

பெரியசாமி மண்ணிலிருந்து எழவில்லை. அடிக்கத்தான் போனேன், அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கண்ணையன் சொல்லிட்டாண்ணா" என்றான். "அவன் சொன்னப்புறம் நான் எப்படிண்ணா சும்மா நிப்பேன்?"